வஸீலாவின் காது

வஸீலா பொய்யே சொல்லாதவள் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். தன் வயதில் சொல்வாள், இறைச்சி வாங்கிய விலையில் சொல்வாள், கல்யாணம் நிச்சயமான தங்கை இன்ஸாஃப் கொஞ்சமும் குண்டாகவில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வாள். ஸ்ஃபாக்ஸ் ஊரில் இதையெல்லாம் பொய் என்று எவரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில், ஒன்பது வருஷமாக, அவள் வாயிலிருந்து ஒரே ஒரு பொய்கூட வந்ததில்லை. மரத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் விஷயத்தில்.

அவள் புருஷன் லஸ்ஸாத் ஆலிவ் மரத்தில் கடைசல் வேலை செய்பவன். இருபத்திரண்டு வருஷ லேத் சத்தம் அவன் காதைத் தின்றுவிட்டது. பக்கத்தில் வந்து உரக்கப் பேசினால் கேட்கும். மரத்தைத் தட்டும்போது எழும் அந்த மெல்லிய ஓசை மட்டும் அவன் காதுக்குள் நுழையாது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவனே தட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தானே தீர்மானித்து, ஒரு கிண்ணத்தை லேத்தில் ஏற்றினான். அது சுழல்கிற வேகத்தில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அவன் முன்பற்கள் இரண்டைக் கொண்டுபோயிற்று. மறு பாதி பட்டறையின் தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிற்று. பல்லைக் கட்டிக்கொண்டான். கூரை ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. அதன் வழியாக ரொட்டி அளவுக்கு ஒரு வெயில் இன்றைக்கும் பட்டறைத் தரையில் விழுந்து நகர்ந்துகொண்டிருக்கும்.

அன்றிலிருந்து மரச்சுத்தி வஸீலாவின் கைக்கு வந்தது. அடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று, விளிம்பில் ஒன்று, மூன்று தட்டு. குறையில்லாத மரம் கிண்ணென்று நீளமாகச் சொல்லும். அதற்கு அவர்கள் வீட்டு வார்த்தை "பாடுது." உள்ளே எங்காவது விரிசல் இருந்தால் டொக்கென்று நின்றுவிடும். அது "இருமுது." அவள் பாடுது என்றால் லஸ்ஸாத் மரத்துக்கு நேர் எதிரே போய் நிற்பான், முகத்தை விளிம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பதில் சொல்ல அவள் கொஞ்சம் இழுத்தால் இரண்டடி ஓரமாக நின்று கையை நீட்டி வேலை செய்வான். இருமுது என்றால் அது அடுப்புக்கு. அவன் முகம் அவள் சொல்லை நம்பித்தான் அங்கே நின்றது. வேறு காவல் எதுவும் கிடையாது.

இப்போது அந்த மரவை விஷயத்துக்கு வருவோம்.

இன்ஸாஃபின் கல்யாணச் சீருக்காக லஸ்ஸாத் ஒரு மரவை எடுத்து வைத்திருந்தான். கூஸ்கூஸுக்கு ரவையைப் பிசைந்து உருட்டுகிற பெரிய மரப்பாத்திரம், ஒரே துண்டு மரம், குறுக்கே அளந்தால் முழத்துக்கும் மேலே. ஆலிவ் மரம் வாங்கியவர்களுக்குத் தெரியும், அந்த அகலத்தில் பொந்தில்லாத, பட்டை உள்ளே புகுந்துகொள்ளாத, கல் விழுங்காத ஒரு துண்டு கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று. முறுக்கிக்கொண்டு வளரும் மரம் அது. நேராக ஒரு சாண் போகச் சொன்னால் போகாது. ஈரத்தோடு அதை முரட்டுத்தனமாகக் குடைந்து, விளிம்பு மூன்று விரல் கனத்துக்கு விட்டு, அதனுடைய சீவல்களையே சாக்கில் நிரப்பி அதற்குள் புதைத்து, இருட்டறையில் இரண்டரை வருஷம் காய வைத்தான். பிள்ளைத்தாய்ச்சியை நடத்துவதுபோல நடத்தினான். "காத்து படக் கூடாது, வெயில் படக் கூடாது, கண்ணு படக் கூடாது," என்பான்.

நோன்பு இருபத்தைந்தாம் நாள் மரம் பார்க்க வெளியூர் போனான், இரண்டு நாளில் வருவதாக. போகும்போதும் சொன்னான். "சாக்கைத் தொடாதே வஸீலா. பெருநாளுக்கு முன்னாடி நான் வந்து நானே எடுக்கறேன்."

அன்று பிற்பகலே மாப்பிள்ளையின் தாயார் ஹாஜ்ஜா மன்னூபியா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சீர் பார்க்க வந்ததாகப் பேச்சு. போர்வையைத் தடவினாள், பித்தளையைத் திருப்பிப் பார்த்தாள், திருப்தியில்லாதவள்போல முற்றத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரிதான் மகளே. வீட்டுல கடைசல்காரர் இருக்காருன்னு சொன்னாங்க. ஒரு மரச்சாமானும் கண்ணுல படலியே. இந்தக் காலத்துல எல்லாரும் பிளாஸ்டிக்தான் குடுக்கறாங்க, நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம்."

வஸீலாவுக்குச் சுருக்கென்றது. பிளாஸ்டிக்காம். இதைக் கேட்டுக்கொண்டு எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்? நேராக இருட்டறைக்குப் போனாள், சாக்கை அவிழ்த்தாள், மரவையை இரண்டு கையாலும் தூக்கி வந்து கிணற்று மேடையில் வைத்தாள். சீவலைத் தட்டிவிட்டதும் மஞ்சள் உடம்பும் கறுப்பு ரேகைகளும் தெரிந்தன. நோன்பு வாயில் எச்சில் ஊறும்படி எண்ணெய் மணம் கிளம்பியது. ஹாஜ்ஜாவின் பேச்சு நின்றுபோயிற்று. கூட வந்த பெண்கள் குலவையிட்டார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கு வஸீலா ராணிதான், ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர்கள் போனதும் அவள் சமையலறைக்கு ஓடினாள். பெருநாள் காலை உப்பு மீனுக்குத் தொட்டுக்கொள்ள முன்கூட்டியே கிண்டிவைக்கும் வெங்காய உலர்திராட்சைக் குழம்பு அடுப்பில் இருந்தது. மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நிமிஷம் விட்டால் அடிபிடிக்கும். கிண்டினாள். அதற்குள் தெற்கேயிருந்து பாலைவனச் சூட்டுக்காற்று கிளம்பிவிட்டது. கதவுகள் அடித்தன, துணிகள் பறந்தன. நோன்பு திறக்கும் நேரமும் நெருங்கியது. மரவை கிணற்று மேடையிலேயே இருந்தது.

பாங்கு கேட்டு, ஒரு பேரீச்சையை வாயில் வைத்தபோதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. முற்றத்திலிருந்து, சின்னதாக, குச்சி ஒடிகிற மாதிரி. என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்தது. பேரீச்சையை மெல்லாமலே முற்றத்துக்கு ஓடினாள்.

விளிம்பிலிருந்து நான்கு விரல் நீளத்துக்கு, கறுப்பு ரேகை ஒன்றை ஒட்டி, முடி கனத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது.

வஸீலாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடைந்து முடித்த கிண்ணங்களில் இருக்கிற சின்னச் சின்னக் கீறல்களை அடைப்பது. அதே மரத்தின் தூளைத் துப்பட்டாவில் சலித்து, பசை விட்டு, தூளை அமுக்கி, தேய்த்து எடுத்தால் இருந்த இடம் தெரியாது. அப்புறம் லஸ்ஸாத் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக் கண்டுபிடிக்கப் பார்ப்பான். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. ஒரு தடவைகூட அவன் ஜெயித்ததில்லை. முடிந்த சாமானில் அது குற்றமில்லை, மேசைமேல் இருக்கிற கிண்ணம் யாரையும் கொல்லாது. ஆனால் இது இன்னும் லேத்தில் ஏற வேண்டிய மரம். அது தெரிந்தும் அவள் அடைத்தாள். வாழ்நாளில் செய்யாத அழகோடு அடைத்தாள். மறுபடி சீவலில் புதைத்துச் சாக்கைக் கட்டினாள். விளிம்பு இவ்வளவு கனம் இருக்கிறதே, அவர் லேசாகத் தேய்த்து எண்ணெய் போட்டால் போதுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்வதற்கென்ன.

லஸ்ஸாத் திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. "என்ன, பெருநாள் வெங்காயமா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

மறுநாள் காலை மரவையின் அடியை இரும்புத் தட்டில் திருகாணிகளால் முடுக்கி லேத்தில் ஏற்றினான். சுத்தியை அவளிடம் நீட்டினான். அவன் முகம் சின்னப்பிள்ளை முகம்போல இருந்தது.

"விளிம்பை ஒரு விரல் கனத்துக்குக் கொண்டுவரப் போறேன். இன்ஸாஃப் பிசையறப்ப பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும். தட்டு, தட்டு."

ஒரு விரல் கனம். வஸீலா அடைத்த கோடு அதுவரை தாங்காது. அடியில் தட்டினாள், நன்றாகத்தான் இருந்தது. வயிற்றில் தட்டினாள். விளிம்பில் தட்டியபோது டொக்கென்று நின்றது. அவளுக்கு அது அறைந்ததுபோல் கேட்டது. அவனோ அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது சொல்லிவிடலாம். இந்த இடத்தில் இருமுது என்று ஒரு சொல் போதும். இரண்டரை வருஷம் அடுப்புக்குப் போகும், அவன் கத்துவான், ஒரு வாரம் பேச மாட்டான், தங்கை சீருக்குப் பிளாஸ்டிக் போகும், ஹாஜ்ஜா சிரிப்பாள். அவ்வளவுதான்.

"என்ன யோசனை? நோன்பு வெச்சிருக்கறவ, பொய்யா சொல்லப் போற?" என்று சிரித்தான் அவன்.

"பாடுதுங்க," என்றாள்.

அவன் விசையைத் தட்டி, நேர் எதிரே போய் நின்றான்.

மரவை மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. இரண்டரை வருஷம் காய்ந்ததில் கொஞ்சம் கோணியிருந்ததால் லேத்தின் மேசையே ஆடியது. அவன் உளியை வைத்தான். ஆலிவ் மரத்துச் சீவல் மற்ற மரத்தைப்போலப் பொரிந்து சிதறாது, எண்ணெய் ஈரத்தோடு நீளமாகச் சுருண்டு தோளில் வந்து உட்காரும். அது லஸ்ஸாத்தின் முழங்கையில், மீசையில், சட்டைப்பையில் வந்து விழுந்தது. காது போனவன் என்பதால் உளியின் கைப்பிடியை மார்பில் அழுத்திக்கொள்வான். மரம் பேசுவது எலும்பு வழியாகத் தெரியும் என்பான். கண் பாதி மூடியிருந்தது. இந்தச் சந்தோஷத்துக்காகத்தான் அவன் காதையே கொடுத்தான். வஸீலா உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, அவன் தாடைக்கும் விளிம்புக்கும் இருந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தாள்.

நிறுத்த வேண்டும். எப்படி? டீ குடிக்கிறீர்களா என்று கேட்க வழியில்லை, நோன்பு. அவளுக்கு வேறொன்று தோன்றியது. லேத் ஓடும்போது மசூதிச் சத்தம் அவனுக்குக் கேட்காது. அதற்கும் அவள்தான் காது. எழுந்து அவன் கண்ணில் படும்படி நின்று கையை ஆட்டினாள். அவன் உளியை விலக்கி விசையை அணைத்தான்.

"மதியப் பாங்கு சொல்லிட்டாங்க."

"அதுக்குள்ளயா?" கைபேசியை எடுத்துப் பார்த்தான். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கேம்மா. பசி உன் காதை அடைச்சுடுச்சா?"

அவன் சிரித்தான். ஒரு நாளில் இரண்டாவது பொய். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. ஆனால் முதல் பொய்யைவிட இப்போது சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு நேரம் என்னை அதன் முன்னால் நிற்கவிட்டாயா என்று கேட்பானே.

அவன் கேட்கவில்லை, லேத்தின் பெல்ட்டைக் கழற்றி வேகமாகச் சுழற்றும் சக்கரத்துக்கு மாற்றினான்.

"கோணல் போயிடுச்சு. இனி ஓட விடலாம்."

இந்தத் தடவை மரவை சுழலுவதே தெரியவில்லை. மஞ்சளாக ஒரு பனிபோல நின்றது, கறுப்பு ரேகைகள் கலைந்து புகையாகிவிட்டன. விளிம்பு இரண்டு விரல் கனத்துக்கு வந்தது. அப்புறம் ஒன்றரை. லஸ்ஸாத் குனிந்து முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

அப்போது வஸீலாவுக்கு அது கேட்டது. லேத்தின் உறுமலுக்கு உள்ளே, மெல்லியதாக, டிக் டிக் டிக் டிக். ஒவ்வொரு சுற்றிலும் உளி ஒரே இடத்தில் தட்டிக்கொண்டு போனது. அவள் அடைத்த கோடு வாய் திறந்துகொண்டிருந்தது. கைப்பிடியை மார்பில் அழுத்திக்கொண்டிருந்தவனுக்கு இன்னும் தெரியவில்லை. உலகத்தில் அதைக் கேட்கிற காது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எழுந்தாள். கத்தினாள், அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினாள், அவன் கண் விளிம்பைவிட்டு அசையவில்லை. உளி மரத்தில் இருக்கும்போது அவன் தோளைத் தொடக் கூடாது. தொட்டால் உளி மாட்டிக்கொள்ளும், அது கொல்வதற்குச் சமம். விசை அவனுக்கு அந்தப் பக்கம். மின்கம்பி சொருகியிருந்த இடம் எதிர்ச்சுவரில், மரவைக்கு நேர் வரிசையில். அங்கே போக வேண்டுமென்றால் விளிம்பு பறந்தால் எந்தத் திசையில் வருமோ அந்தத் திசையைக் கடந்துதான் போக வேண்டும்.

பயந்தாள், அதில் மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். டிக் டிக் என்பது இப்போது டக் டக் என்று கேட்டது. அல்லாவை அழைத்துக்கொண்டு, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, குறுக்கே ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கினாள்.

உறுமல் இறங்கியது. கனமான மரவை உடனே நிற்கவில்லை, தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. லஸ்ஸாத் உளியை விலக்கிக்கொண்டு திரும்பினான்.

"என்ன பண்றே நீ? பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"ஓரமா வாங்க. மொதல்ல ஓரமா வாங்க."

அவன் வரவில்லை. அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மரவை மெதுவாகி நின்றது.

"அது இருமுதுங்க," என்றாள் அவன் காதருகே. "காலைலேர்ந்து இருமிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஜ்ஜா, பிளாஸ்டிக், கிணற்று மேடை, சூட்டுக்காற்று, துப்பட்டாவில் சலித்த தூள். அழுதுகொண்டே சொன்னாள். அவன் மரவைக்கு எதிரே போய் விளிம்பை விரலால் தடவினான். சுற்றித் தடவினான். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினான்.

"எங்க? ஒண்ணும் இல்லியே."

சுழற்சி நின்றதும் கோடு வாயை மூடிக்கொண்டிருந்தது. அவள் வேலை அவ்வளவு சுத்தம். கோபத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவே அவன் முகம் தவித்தது. ஒருவேளை பசியில் இவள்தான் உளறுகிறாளோ என்று அவன் ஆசைப்பட்டது அவளுக்குத் தெரிந்தது.

அவள் சுத்தியை எடுத்தாள். விளிம்பில், தான் அடைத்த இடத்துக்குப் பக்கத்தில், ஓங்கி ஒரே அடி. மரவை கறுப்பு ரேகை வழியாகப் பிளந்து, மூன்றில் ஒரு பங்கு கழன்று அவன் காலடியில் விழுந்தது. பிறைபோல, கனமாக, ஒரு முனை கத்திக் கூர்மையில்.

லஸ்ஸாத் அதைக் குனிந்து எடுத்தான். மீதி மரவையோடு பொருத்தினான், பொருந்தியது. விளிம்பு தன் உடம்பில் எந்த உயரத்துக்கு வருகிறது என்று கையால் அளந்தான். தொண்டைக்கு வந்தது. அப்புறம் நிமிர்ந்து கூரை ஓட்டையைப் பார்த்தான்.

கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் உடைந்த துண்டை விறகுக் குவியலில் வைத்தான். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பாங்கு சொன்னார்கள், அதை அவள் அவனிடம் சொன்னாள். அவன் கைபேசியில் மணியைப் பார்த்துவிட்டுத் தொழப் போனான்.

திரும்பி வந்தபோது அவன் கையில் முன்பே குடைந்து வைத்திருந்த வேறொரு மரம் இருந்தது. முக்கால் முழ அகலம், ஒரு பக்கம் முடிச்சு, பார்வைக்குச் சுமார். வெறுங்கையோடு மச்சினியை அனுப்ப முடியாதே. தட்டில் முடுக்கி லேத்தில் ஏற்றினான். சுத்தியை நீட்டினான்.

"தட்டு."

அடியில், வயிற்றில், விளிம்பில். கிண்ணென்று நீண்டு போயிற்று ஓசை. சிறிய மரம்தான், ஆனால் முடிச்சையும் தாண்டிச் சுத்தமாகப் பாடியது. ஒன்பது வருஷத்தில் இவ்வளவு தெளிவாக எதுவும் பாடியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"பாடுதுங்க," என்றாள்.

அவன் விசைக்குக் கையைக் கொண்டுபோனான். கை பாதியில் நின்றது. அவளைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இன்னொரு தரம் தட்டு."

ஒன்பது வருஷத்தில் அவன் இரண்டாம் தரம் கேட்டதே இல்லை. அவள் தட்டினாள். அதே ஓசைதான், அதே நீளம்தான். ஆனால் விளிம்பில் தட்டியபோது அதற்குள் ஏதோ மெல்லியதாக இருமியதா என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. காதை மரத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் தரமும் தட்டினாள். பாடியது. பாடத்தான் செய்தது.

"பாடுது," என்றாள். "சத்தியமா பாடுதுங்க."

லஸ்ஸாத் தலையை ஆட்டினான். விசையைத் தட்டினான். மரம் சுழன்றது. அவன் இரண்டடி ஓரமாகப் போய் நின்று, கையை நீட்டி, உளியை வைத்தான்.